இரண்டரை லட்சம் தட்டணுக்கள், ஒரு மரபணு

மாவட்ட மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றும் எனக்கு, கண்ணாடிக் குழாயில் ரத்தம் உறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அன்றாட வேலை. பாம்புக்கடி என்று யாரையாவது கொண்டுவந்தால், அவருடைய ரத்தத்தில் 2 மில்லியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். ரத்தம் வழிந்தோடினால் விரியனின் நஞ்சு உறைதலைக் கெடுத்துவிட்டது என்று பொருள். நஞ்சுமுறி மருந்தை உடனே தொடங்குவார்கள். உறைந்த ரத்தத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால், அது தானாகச் சுருங்கி, குழாயின் சுவரை விட்டு விலகி, நடுவில் ஒரு கட்டியாக நிற்கும். சுற்றிலும் வெளிர் மஞ்சள் நிறத்தில் சீரம் தெளிந்திருக்கும். இந்தச் சுருக்கத்தை நான் ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன் என்றாலும், அது ஏன் நிகழ்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் ரத்தத்தைக் குழாயில் வைத்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. இருபது நிமிடத்தில் ரத்தம் ஒழுங்காக உறைந்தது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்தும், இரண்டு மணி நேரம் கழித்தும், மதிய உணவுக்குப் பிறகு வந்து பார்த்தபோதும், உறைந்த ரத்தம் ஊற்றிய மேனிக்குக் குழாயை நிறைத்துக்கொண்டே இருந்தது; ஒரு துளி சீரம்கூடப் பிரியவில்லை.

அந்தப் பெண் பூப்பெய்தியதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டு வாரத்துக்கு மேல் உதிரப்போக்கு நிற்காமல் அவதிப்பட்டவள். சிறு வயதிலிருந்தே மூக்கில் ரத்தம் வடியும். பால்பல் விழுந்த நாட்களில் தலையணை நனையும். ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கியபோதெல்லாம் வெவ்வேறு மருத்துவமனைகளில் ரத்தம் ஏற்றி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவளுடைய தாயார் ஒரு நெகிழிப் பையில் வைத்திருந்த பரிசோதனைத் தாள்களில், காயத்தில் திரண்டு ரத்தத்தை நிறுத்தும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் இரண்டரை லட்சத்தை ஒட்டியே இருந்தது. ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு என்பதால், எல்லாத் தாள்களிலும் அந்த வரிக்கு எதிரே குறை ஏதும் எழுதப்படவில்லை. அந்தத் தாள்களில் ஒன்று எங்கள் கூடத்துத் தாள். அதில் "தட்டணுக்கள் போதுமானவை" என்ற குறிப்பின் கீழ் இருந்தது என் கையொப்பம்.

"எல்லாம் சரியா இருக்குன்னுதான் போற எடத்துல எல்லாம் சொல்றாங்கம்மா. அப்பறம் ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று அந்தத் தாயார் என்னிடம் கேட்டார். டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில் ஊரே தட்டணு எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசும். அந்த எண் இறங்கினால் அழுகிறோம், ஏறினால் சாமிக்கு நேர்ந்துகொள்கிறோம். எண் சரியாக இருந்தும் ரத்தம் நிற்காமல் போகக்கூடும் என்பது, அந்த அம்மாவின் கேள்வி வரும்வரை, எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்து மறந்த ஒரு வரியாகவே இருந்தது.

எங்கள் நோய்க்குறியியல் துறைப் பேராசிரியர் அன்று ஒரே ஒரு வேலையைச் சொன்னார்: குழாயில் எடுத்த ரத்தம் வேண்டாம், விரல் நுனியைக் குத்தி, வரும் துளியை நேரே கண்ணாடித் தகட்டில் இழுத்துக் கொண்டு வாருங்கள். இது சிறிய வேறுபாடாகத் தோன்றும்; ஆனால் எல்லாமே இதில்தான் இருந்தது. நாங்கள் வழக்கமாக ரத்தம் சேகரிக்கும் ஊதா மூடிக் குழாயில் உள்ள இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள், ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் கவர்ந்துகொண்டு உறையாமல் வைத்திருக்கும். கால்சியம் இல்லாத இடத்தில் தட்டணுக்கள் பொதுவாக ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்பதால், அந்த ரத்தத்தில் செய்யும் தகட்டில் நலமான மனிதரின் தட்டணுக்களும் இந்தப் பெண்ணின் தட்டணுக்களும் ஒன்றுபோலவே தெரியும். விரல் நுனித் துளி அப்படியன்று. லீஷ்மேன் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், நம் எல்லோருடைய தட்டணுக்களும் பத்து, இருபது என்று கொத்துக் கொத்தாகத் திரண்டு கிடக்கும். அவளுடைய தகட்டில் அவை தரையில் சிந்திய எள் போலத் தனித்தனியாகக் கிடந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தகட்டை நகர்த்திக்கொண்டே போனேன். எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. ஆனால் இரண்டு தட்டணுக்கள் சேர்ந்து நின்ற இடத்தை என்னால் காண முடியவில்லை.

1918ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மேன், பரம்பரையாக வரும் ஒரு ரத்தக்கசிவு நோயை விவரித்தபோது கண்டதும் இதே இரண்டு அடையாளங்களைத்தான்: எண்ணிக்கை சரியாக இருக்கும் தட்டணுக்கள், சுருங்காத ரத்தக் கட்டி. தட்டணுக்களுக்கு வலுவில்லை என்ற பொருளில் அவர் அதற்குத் திராம்பஸ்தீனியா என்று பெயர் வைத்தார். அந்த வலுவின்மைக்கு என்ன காரணம் என்று தெரிய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1974இல் பாரிஸில் ஆலன் நர்டன், ஜாக் கான் ஆகிய இருவரும் நோயாளிகளின் தட்டணுப் புறத்தோலில் ஒரு புரதம் குறைவதைக் காட்டினார்கள். காணாமற்போனது ஒன்றன்று, இணைபிரியாத இரண்டு என்பது அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. அந்த இரண்டில் ஒன்றை ஆக்கும் குறிப்புத்தான் ஐ.டி.ஜி.பி.3 என்னும் மரபணு. அது ஆக்கும் புரதத்தின் பெயர் இன்டெக்ரின் பீட்டா 3.

இன்டெக்ரின் என்ற பெயர் 1980களின் நடுவில் ரிச்சர்ட் ஹைன்ஸும் அவருடைய குழுவினரும் சூட்டியது. செல்லுக்கு வெளியே இருக்கும் இழைகளையும் உள்ளே இருக்கும் சட்டகத்தையும் ஒன்றாக இணைப்பதால் அந்தப் பெயர் வந்தது. மனித உடலில் 18 வகை ஆல்பா அலகுகளும் 8 வகை பீட்டா அலகுகளும் இருக்கின்றன. ஓர் ஆல்பாவும் ஒரு பீட்டாவும் ஜோடி சேர்ந்தால்தான் ஓர் இன்டெக்ரின் ஆகும், அப்படி 24 ஜோடிகள் அறியப்பட்டுள்ளன. பீட்டா 3க்குத் துணைகள் இரண்டே இரண்டு. தட்டணுவில் அது ஆல்பா 2பி என்ற துணையோடு சேர்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களிலும் ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் ஆல்பா வி என்ற துணையோடு சேர்கிறது. ஆல்பா 2பிக்கான மரபணுவும் பீட்டா 3க்கான மரபணுவும் 17ஆம் குரோமோசோமிலேயே அமைந்துள்ளன. இரண்டில் எது பழுதானாலும் தட்டணுவில் ஜோடி உருவாவதில்லை. துணையில்லாத அலகு செல்லுக்குள்ளேயே சிதைக்கப்பட்டுவிடும். அதனால்தான் வேறுவேறு மரபணுக்களில் பழுது இருந்தும் நோய் ஒன்றாகவே தோன்றுகிறது.

குறுக்களவில் இரண்டு மூன்று மைக்ரான் மட்டுமே உள்ள ஒரு தட்டணுவின் மேற்பரப்பில் இந்த ஜோடி ஏறத்தாழ 80,000 எண்ணிக்கையில் நெருங்கி நிற்கிறது. ஓடும் ரத்தத்தில் அது தலை குனிந்து நிற்கும். குனிந்த நிலையில் அதனால் எதையும் பற்ற முடியாது, பற்றவும் கூடாது, ஏனென்றால் அது பற்ற வேண்டிய பைப்ரினோஜன் என்ற நீண்ட புரதம் ரத்தத்தில் எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கிறது. ரத்தக் குழாயில் காயம் ஏற்பட்டு, கொலாஜன் இழை வெளிப்பட்டு, தட்டணுவுக்கு அந்தச் செய்தி எட்டியதும், உள்ளிருந்து டாலின், கின்ட்லின் என்ற புரதங்கள் பீட்டா 3இன் வாலைப் பிடிக்கின்றன. உடனே வெளியே உள்ள தலை நிமிர்கிறது. நாற்று நடுபவர் நிமிர்ந்து நின்று எட்டிக் கை கொடுப்பது போன்ற மாற்றம் இது. நிமிர்ந்த இன்டெக்ரின் பைப்ரினோஜனின் ஒரு முனையைப் பற்ற, அடுத்த தட்டணுவின் இன்டெக்ரின் மறுமுனையைப் பற்ற, பல்லாயிரம் பாலங்கள் ஒரே நேரத்தில் உருவாகி அடைப்பு எழுகிறது. அத்தோடு நிற்பதில்லை. பற்றிய செய்தி உள்ளே திரும்பிச் சென்று, பைப்ரினோஜனிலிருந்து உருவாகும் பைப்ரின் இழையைத் தட்டணுவின் சட்டகம் தன்பக்கம் இழுக்கிறது. இருபது ஆண்டுகளாக நான் குழாயில் பார்த்துவந்த சுருக்கம் இந்த இழுப்புத்தான். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் பைப்ரின் இழை பின்னியது, ஆனால் அதை இழுக்கக் கை இல்லை.

பற்றுவதற்குக் கை இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது என்றால், வேண்டாத இடத்தில் பற்றும் கையைக் கட்டிவிட்டால் மாரடைப்பைத் தடுக்கலாமே என்று எண்ணியவர் அமெரிக்காவின் பாரி காலர். கிளான்ஸ்மேன் நோயாளிகளின் தட்டணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றனவோ அப்படியே, சில மணி நேரத்துக்கு மட்டும், இதயக் குழாய் அடைத்தவரின் தட்டணுக்களையும் நடந்துகொள்ளச் செய்வதுதான் அவருடைய நோக்கம். எலியில் உருவாக்கிய எதிரணு (ஆன்டிபாடி) ஒன்றிலிருந்து வந்த அப்சிக்ஸிமாப் என்ற மருந்து 1994 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அரிய நோய் ஒன்றால் அல்லற்பட்ட சில குடும்பங்களிடம் கற்ற பாடம், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பெருந்திரளான மக்களுக்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் பாடம் கற்பித்த குடும்பங்களுக்குத் திரும்பக் கிடைத்தது மிகக் குறைவு.

அதற்கடுத்து வந்த இரண்டு மருந்துகளும் பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்த எண்ணங்கள். எப்டிபிபடைடு அமெரிக்காவின் குட்டைக் கிலுகிலுப்பை விரியன் ஒன்றின் நஞ்சிலுள்ள புரதத்தை வைத்தும், டைரோபிபான் எக்கிஸ்டாட்டின் என்ற புரதத்தை வைத்தும் வடிவமைக்கப்பட்டவை. இரண்டும் 1998இல் ஒப்புதல் பெற்றன. எக்கிஸ்டாட்டின் எந்தப் பாம்பின் நஞ்சிலிருந்து பிரிக்கப்பட்டது என்று படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது எக்கிஸ் கரினாட்டஸ், நம் மானாவாரிக் காடுகளில் கல்லுக்கடியில் சுருண்டு கிடந்து, செதிலோடு செதில் உரசிச் சரசரவென்று ஓசை எழுப்பும் சுருட்டை விரியன். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் மண்பானைகளில் வைத்துப் பராமரித்து, நஞ்சுமுறி மருந்துக்காக நஞ்செடுக்கும் நான்கு வகைப் பாம்புகளில் அதுவும் ஒன்று. அதன் கடிக்கு ஆளானவரின் ரத்தத்தைத்தான் நான் அதே கண்ணாடிக் குழாயில் சாய்த்துப் பார்க்கிறேன். அந்த நஞ்சின் பெரும் கேடு உறைதல் காரணிகளைச் செலவழித்துத் தீர்ப்பது. அதோடு கலந்திருக்கும், 49 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இந்தச் சின்னஞ்சிறு புரதம், நிமிர்ந்து நிற்கும் இன்டெக்ரினின் பிடியில் பைப்ரினோஜனுக்கு முன்னதாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அர்ஜினைன், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று எழுத்துச் சாவி அதனிடம் இருக்கிறது. எர்க்கி ருவோஸ்லாத்தியும் மைக்கேல் பியர்ஷ்பாகரும் 1984இல் வேறொரு புரதத்தில் கண்டறிந்து அறிவித்த அதே மூன்று எழுத்து.

பின்னாளில் இதே இன்டெக்ரினைத் தடுக்கும் மருந்தை மாத்திரையாக்கி நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுகளில் இறப்பு குறையாமல் கூடியதால் அந்த வழி கைவிடப்பட்டது. மூளையின் கடுமையான புற்றுநோய்க்கு, ஆல்பா வியோடு சேர்ந்த பீட்டா 3ஐத் தடுத்துப் புதிய ரத்தக் குழாய்கள் வளராமல் செய்யலாம் என்று நம்பி உருவாக்கிய சிலெங்கிடைடும் 2014இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் தரவில்லை. எலும்பில் கதை இன்னொரு மாதிரி. பீட்டா 3 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எலும்பு கரைவது குறைந்து அடர்த்தி கூடியது. ஆனால் அதே மரபணு பழுதான மனிதர்களுக்கு எலும்பில் பெரிய கோளாறு காணப்படுவதில்லை, அவர்களுடைய செல்கள் வேறோர் இன்டெக்ரினைக் கொண்டு சமாளித்துக்கொள்கின்றன. ஒரு மரபணுவைப் பற்றி எலி சொன்னதை மனிதருக்கு அப்படியே எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

ஒரே ஓர் எழுத்து மாறுவதாலும் இந்த மரபணு துன்பம் தரும். பீட்டா 3 புரதத்தின் 33ஆம் இடத்தில் பெரும்பாலோருக்கு லூசின் இருக்கும். ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இரு பிரதிகளிலும் புரோலின் இருக்கும். அவர்களுக்கு அதனால் எந்த நோயும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட தாய், தந்தைவழியில் லூசின் பெற்ற குழந்தையைச் சுமக்கும்போது, அவருடைய உடல் குழந்தையின் தட்டணுக்களை அந்நியமாகக் கருதி எதிரணுக்களை அனுப்பலாம். முதல் கருவிலேயே குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு நேர்ந்துவிடக்கூடும். ஆசிய மக்களிடம் இந்த மாற்றம் அரிது.

நம் பக்கத்தில் அவ்வளவு அரிதல்லாதது கிளான்ஸ்மேன் நோய்தான். உலக அளவில் பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள இடங்களில் அது அதிகம். ஈராக்கிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களில் ஐ.டி.ஜி.பி.3 மரபணுவின் 11 எழுத்துகள் விடுபட்டிருப்பது 1991இல் கண்டறியப்பட்டது. பல குடும்பங்களுக்கும் ஒரே பழுது, ஒரே மூதாதை. 2006இல் தென்னிந்தியாவைச் சேர்ந்த 40 குடும்பங்களை ஆராய்ந்தவர்களோ 23 வெவ்வேறு பழுதுகளைக் கண்டார்கள்: 13 ஆல்பா 2பியில், 10 பீட்டா 3இல். அவற்றில் 20 அதற்கு முன் எங்கும் பதிவாகாதவை. ஈராக்கிய யூதர்களிடம் ஒரு பழைய பழுது எல்லோருக்கும் பரவியிருக்க, நம்மிடம் ஒவ்வொரு குடும்பக் கொடியும் தனக்கென ஒரு பழுதை வைத்திருந்து, அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று வீட்டுக்குள்ளேயே அதைச் சுற்றிவரச் செய்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பெண்ணின் தாயார் மணந்துகொண்டதும் தம் தாய்மாமனைத்தான். பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு சில வாரங்களில் வந்தது. திரளத் தூண்டும் அடினோசின் டைபாஸ்பேட், கொலாஜன், அட்ரினலின் என எதைச் சேர்த்தாலும் அவளுடைய தட்டணுக்கள் திரளவில்லை. வேறு வழியில் வேலை செய்யும் ரிஸ்டோசெட்டின் ஒன்றுக்குத்தான் அசைந்தன. சி.டி.61 என்ற பெயரில் பீட்டா 3ஐ அளக்கும் வரைபடத்தில், மேடு எழ வேண்டிய இடம் தரையோடு தரையாக இருந்தது. மரபணுப் பகுப்பாய்வில் ஐ.டி.ஜி.பி.3இன் இரண்டு பிரதிகளிலும் ஒரே பழுது. பாட்டியோ தாத்தாவோ வைத்திருந்த ஒரு பிரதி, தாய்வழியாக ஒன்றும் தந்தைவழியாக ஒன்றுமாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

பெயர் தெரிந்த பிறகு மருத்துவம் மாறியது. மாதவிடாய் நாட்களுக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தார்கள். மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் மாத்திரையால் உதிரப்போக்கைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். ஆஸ்பிரினும் இபுபுரூபனும் எந்நாளும் தொடக் கூடாது, தசையில் ஊசி போடக் கூடாது, ஈறு கெடாமல் பல்லைப் பேண வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். தட்டணு ஏற்றுவதைக்கூடக் கடைசிக் கட்டத்துக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். அவளுடைய உடல் பிறந்ததிலிருந்து பீட்டா 3ஐக் கண்டதே இல்லை. பிறர் தட்டணுக்களோடு அது உள்ளே நுழையும்போது எதிரணு உருவாகிவிட்டால், பிறகு உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஏற்றும் தட்டணுக்கள் நிலைக்காமல் போகும். அப்படி ஆனவர்களுக்கு மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்த ஏழாம் உறைதல் காரணி உண்டு, அதன் விலையைச் சொன்னால் எந்தக் கூலிக் குடும்பமும் வாயடைத்துப்போகும். எலும்பு மஜ்ஜை மாற்றினால் நோய் அடியோடு தீரும். பொருந்தும் கொடையாளியும், அந்தச் சிகிச்சையின் ஆபத்தை ஏற்கும் அளவுக்கு நோயின் கடுமையும் இருந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம், பெண் பிள்ளைகளின் அதிக உதிரப்போக்கை நம் வீடுகளும் நம் மருத்துவமனைகளும் எவ்வளவு எளிதாகக் கடந்துவிடுகின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தமாக இருப்பதுதான். "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்ற வாக்கியத்தை அந்தத் தாயார் ஆறு இடங்களில் கேட்டிருந்தார். அந்த ஆறில் ஏதாவது ஓர் இடத்தில் விரல் நுனியைக் குத்தி ஒரு தகடு எடுத்திருந்தால் போதும். அதற்கு ஒரு ஊசியும் ஒரு கண்ணாடித் துண்டும் தவிர வேறு செலவில்லை. எங்கள் கூடத்தில் இப்போது, ரத்தம் நிற்கவில்லை என்ற குறிப்போடு வரும் ஒவ்வொருவருக்கும், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், விரல் நுனித் தகடு ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கிறோம். குழாய் ஒன்றையும் மாலை வரை சாய்க்காமல் விட்டுவைக்கிறோம்.

பெற்றோரின் ரத்தத்தையும் அதே ஆய்வகம் அளந்திருந்தது. இருவருக்கும் தட்டணுவில் பீட்டா 3 ஏறத்தாழப் பாதி அளவே இருந்தது. அந்தத் தாயார் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதி போதுமாம்மா?" என்று கேட்டார். இரண்டு பிள்ளை பெற்றபோதும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதும் தனக்கு ரத்தம் நின்றதை அவரே நினைவுபடுத்திச் சொன்னார். பாதி போதும் என்றேன். பிறகு அவருடைய சின்ன மகனை முன்னால் தள்ளி, அவன் விரலையும் குத்திப் பார்க்கச் சொன்னார். தகட்டுக்குச் சாயமிட்டு, காயவைத்து, எண்ணெய்த் துளி வைத்துப் பார்த்தேன். ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன. அந்தத் தாயாரை அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், மகளின் பழைய தகடு இருந்தால் அதையும் ஒருமுறை காட்டச் சொன்னார்.